டீக்கடை நம்பர்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாயில் கதவே கிடையாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனே செல்லைக் காதில் வைத்துக்கொண்டு, மருமகள் நகையை எந்தக் கடையில் அடகு வைத்தாள் என்பது வரைக்கும் டிரைவருக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறார்கள். நான் செல்லே வாங்கவில்லை. அதனால் என் சங்கதி வெளியே ஒருத்தனுக்கும் தெரியாது என்று இருந்தேன்.

விருத்தாசலம் பீங்கான் எஸ்டேட்டில், பொம்மைக் கம்பெனி ஒன்றில் சூளை அடுக்கியவன் நான். வேலையை விட்டபோது கொடுத்த பணமும், மாசாமாசம் வருகிற பென்ஷனும் பாங்கில் இருந்தது. அதை வைத்துத்தான் என் சம்சாரம் பெரியம்மாளுக்கு முட்டி ஆப்பரேஷன். பாண்டிச்சேரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். பணம் எடுக்கப் போனால், கவுண்டரில் இருந்த பானுமதி என்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது.

"உங்க கணக்க நிறுத்தி வச்சிருக்குது, பெரியவரே."

"எவன் நிறுத்தினது? என் பணம்."

"உங்க பேரச் சொல்லி யாரோ எடுக்கப் பார்த்திருக்காங்க. ஆதார் நம்பரு, கணக்கு நம்பரு எல்லாம் அவங்க கையில இருக்குது. இதுல இருக்கிற செல் நம்பரு உங்களுதா?"

"எனக்கேது செல்லு? கணக்கு ஆரம்பிக்கும்போது கேட்டாங்க. எஸ்டேட் வாசல்ல டீக்கடை வச்சிருக்கிற கோதண்டபாணி நம்பரக் குடுத்தேன்."

"அது இப்ப அவருகிட்ட இல்லீங்க. வேப்பூர்ல ஒரு அம்மாகிட்ட இருக்குது. அந்தம்மாதான் அங்க இருக்கிற எங்க பாங்குல போயி சொன்னாங்க. முதல்ல உங்க பேர்ல ஒரு சிம்மு வாங்கிட்டு வாங்க. நம்பர மாத்தினதும் அதுக்கு மெசேஜு வரும். அப்புறம் பணத்த எடுத்துக்கலாம்."

நேரே டீக்கடைக்குப் போனேன். கோதண்டபாணி வடையைத் திருப்பிப் போட்டபடியே சொன்னான்.

"அந்த சிம்மா? டவரே கிடைக்கலன்னு விட்டுட்டேன் மாமா. ரீசார்ஜ் பண்ணலன்னா செல் கம்பெனிக்காரன் அந்த நம்பர வேற ஆளுக்குக் குடுத்துடுவான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமாடா?"

"உன் கணக்கு அதுல இருக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா? பாங்குலேர்ந்து இங்கிலீஷ்ல வர்றத எவன் படிச்சான்? நீதான் பொண்டாட்டிகிட்டகூட பாஸ்புக்கக் காட்டாத ஆளாச்சே."

அவன் செல்லிலிருந்தே அந்தப் பழைய நம்பரைப் போடச் சொன்னேன். ஒரு பொம்பளை எடுத்தாள். என் பெயரைச் சொன்னேன்.

"பழமலைங்களா? உசுரோடதான் இருக்கீங்களா? ரெண்டு மாசமா பணமே எடுக்கலீங்களே."

ஆப்பரேஷனுக்குச் சேரட்டும் என்று எடுக்காமல் விட்டது நிஜம்தான். அது இவளுக்கு எப்படித் தெரியும்? பேரையும் இடத்தையும் கேட்டேன்; நீலாவதி, வேப்பூர் பைபாஸில் இட்லிக்கடை என்றாள்.

அன்றைக்கே ஆதாரைக் காட்டி சிம் வாங்கி, ஒரு பட்டன் செல்லில் போட்டு, பாங்கில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வேப்பூருக்கு பஸ் ஏறினேன். ஆளை முகத்துக்கு நேராகப் பார்த்தால்தான் எனக்கு ஆகும்.

பைபாஸ் ஓரத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற இட்லிக்கடை. பெயரைச் சொன்னதும் அந்த நீலாவதி, நான் கேட்பதற்கு முன்னால் இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாங்குலேர்ந்து பேசறோம்னு ஒருத்தன் கூப்பிட்டான் ஐயா. பழமலைதானே, செல்லுக்கு வந்த நம்பரச் சொல்லுன்னான். எனக்கு இன்னும் மீச முளைக்கலடான்னேன். அப்புறமா, சொன்னா பாதி தரேன்னான்."

"ஏன் வாங்கல?"

"போன்ல பாதி தரேங்கறவன் தருவானா? முழுசையும் சுருட்டிக்கினு போயிடுவான்."

இதை நம்பலாம். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்தம்மா அதோடு நிறுத்தவில்லை.

"அதுவுமில்லாம, உங்க பாங்கு மெசேஜெல்லாம் எனக்குத்தான வந்துச்சு, நீங்க பழக்கமாயிட்டீங்க. மாசம் பொறந்தா பணம் ஏறும், உடனே கொஞ்சம் எடுப்பீங்க. பொங்கலுக்குக் கூடப் போட்டு எடுப்பீங்க. திடீர்னு எடுக்கலன்னதும் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

தட்டைத் தள்ளி வைத்தேன். திருடன் என்றால் ஒரு தடவை பார்ப்பான், எடுத்துக்கொண்டு ஓடுவான். இவள் நான் இடுப்பு முடிச்சை அவிழ்ப்பதையும் கட்டுவதையும் இத்தனை நாளாகப் பார்த்திருக்கிறாள். பெரியம்மாளுக்கே தெரியாததெல்லாம் இவளுக்குத் தெரியும்.

"எல்லாத்தையும் அழிச்சுடு."

என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழித்தாள்.

"மண்டையில இருக்கிறத?"

"அதுக்கு பட்டன் இல்லீங்களே."

அப்போது என் சட்டைப்பையில் செல் கத்தியது. அவள் செல் மேஜைமேல் கிடந்தது. அதில் ஒரு சத்தமும் இல்லை. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாறிடுச்சு போலருக்குது. இனிமே எனக்கு வராது. குடுங்க, என்ன போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம்."

பானுமதியிடம் காட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டால் போதும். இட்லிக்குக் காசு வேண்டாம் என்றாள். சும்மா கொடுக்கிற இடத்தில் நான் சாப்பிடுவதில்லை. டம்ளருக்கடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"எப்பவாவது ஒரு போன் பண்ணுங்க ஐயா. நம்பருதான் தெரியுமே."

பண்ணினால் என் புது நம்பர் அவள் செல்லில் ஏறிவிடும். அதற்குத்தான் கேட்கிறாளோ, இல்லை நல்ல மனசோ, எனக்குத் தெரியவில்லை. விருத்தாசலம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.