கறுப்பு வலை

...வளர்த்தவர் பெயர் என்றுதானே பூக்கண்காட்சி அட்டையில் கேட்டிருக்கிறார்கள், மௌத்தானவர் வளர்த்ததை உயிரோடு இருப்பவள் தன் பெயரில் போடலாமா... ஸுல்பிகா பேனையைத் திறந்து திரும்பவும் மூடினாள். மேசையில் மூன்று வண்டா ஓர்க்கிட், பென்சில் மாதிரி இலை, ஊதாப் பூ, ஒன்றில் மட்டும் ஏழு. மண்டபத்து மின்விசிறிக் காற்றில் அவை ஆடுவதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பதினொரு வருடம் இந்தக் கண்காட்சிக்கு அவள் கணவர் தாஹிர் வெறுங்கையோடு வந்து, மற்றவர்களின் பூவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், பாதிச் சோற்றில் எழும்புவார். எனக்குக் கைராசி இல்லை என்பார். பிழை அவர் கையிலா இருந்தது? இது வெயில் குடிக்கிற சாதி, நாள் முழுக்கக் காயட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் துறைமுகத்து வேலைக்குப் போவார். திருகோணமலை வெயில் என்ன லேசுப்பட்டதா, இலை மஞ்சளிக்க இவளுக்கு மனம் கேட்காது... அவர் தலை மறைந்ததும் தெருவேலிப் பக்கம் போய், செடிகளுக்கு மேல் நிழலுக்குக் கட்டும் கறுப்பு வலையை இழுத்து மூடுவாள், அவர் வருமுன் எடுத்துவிடுவாள். பாவம் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் மௌத்தானபின் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் வேலிப் பக்கம் அவள் போகவில்லை, வலை போட ஆளில்லை. வெளியே வந்து பார்த்தால், மூன்றிலும் மொட்டு.

அவரோடு வேலை செய்த சின்னராசா, இப்போது தோட்டச் சங்கச் செயலாளர், குனிந்து குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, தாஹிர் இருக்கக்குள்ள ஒரு மொட்டும் வரல்ல. நீங்க என்னத்தக் குடுத்தனீங்க?"

"நான் ஒண்டும் செய்யல்ல, அண்ணன்."

உண்மைதான். அட்டையில் தாஹிர் என்று எழுதினாள். இறந்தவர் பெயருக்குப் பரிசு இல்லை என்று சின்னராசா மெல்லச் சொன்னார், பரவாயில்லை என்றாள். வலை போட்டதை ஒருதரம் சொல்லியிருந்தால் என்ன, கத்தியிருப்பாரா, சிரித்திருப்பார்... தெரியாமலே போய்விட்டாரே. தெரியாமலா? ஒருநாள் பகல் தூக்கத்தில் எடுக்க மறந்து, பதறி ஓடினால் வேலியில் வலை இல்லை, குசினிக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. அவர் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டு, தேத்தண்ணி இருக்கா என்று மட்டும் கேட்டார். நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன், தூக்கக் கலக்கம் என்று அன்றைக்கு நம்பிக்கொண்டாள்... நம்பத்தானே வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சைக்கிள் மணியைத் தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வரத் தொடங்கினார். ஒழுங்கைக்குள் ஒரு ஆள் இல்லாத நேரம்கூட, வலையை அவிழ்த்து முடிக்கிற அளவு நேரத்துக்கு, விடாமல், ஏன் அடித்தார்?