பின் பிரேக்கில் காற்று

நர்ஸ்களை ஏற்றிவரும் வேன் திங்கட்கிழமையிலிருந்து வராது என்று மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் வியாழக்கிழமை ஒட்டிவிட்டார்கள். அதைப் படித்த நர்ஸ்கள் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் நின்று கத்தினார்கள். அவள் கத்தவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அவளுக்கு டயாலிசிஸ் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்கு முதல் நோயாளி வந்து படுத்துவிடுவார். முதல் பஸ் ஆறரைக்குத்தான். வீடு மேட்டின் உச்சியில், மருத்துவமனை நாலு கிலோமீட்டர் கீழே. வீட்டில் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டத் தெரிந்த புருஷனுக்குக் கை இல்லை. இடது காறை எலும்பு முறிந்து, கழுத்திலிருந்து தொங்கும் பட்டையில் கையைப் போட்டுக்கொண்டு, நாலு வாரமாக வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தவன். அவனை நாற்காலியில் உட்கார வைத்ததில் வீடே கனத்துப் போயிற்று. சட்டைப் பித்தானிலிருந்து தலை துவட்டுவது வரை அவள்தான் செய்ய வேண்டும். எட்டு மணி நேரம் பிறருக்கு ஊசி குத்திவிட்டு வந்து, வீட்டிலும் அதே வேலை. சம்பளமில்லாத இரண்டாவது ஷிஃப்ட் என்று அவள் மனதுக்குள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

"உங்க சைக்கிள்ல போறேன்," என்றாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வருஷம் சைக்கிள் மிதித்தவள் அவள்.

பால்கனியில் நின்ற அந்த மலைச் சைக்கிளை அவன் திரும்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு காட்டுச் சரிவுக்குப் போவது அவன் வழக்கம். அப்படிப் போன ஒரு காலையில்தான் விழுந்தான். திரும்பிப்போயிருந்த ஹேண்டில்பாரை ஒற்றைக் கையாலேயே நேராக்கி வைத்திருந்தான். ஆனால் பின் பிரேக்கைத் தொடவில்லை.

"அது பஞ்சு மாதிரி இருக்கு. பிடிச்சா லீவர் கைப்பிடி வரைக்கும் வருது. அதுல நீ இந்த இறக்கத்துல போனா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவ."

"அங்கதானே போகணும்."

அவன் சிரிக்கவில்லை. "இது எண்ணெய் பிரேக். குழாய்க்குள்ள புகுந்த காத்தை எடுக்கணும். கடைக்காரன் அடுத்த வாரம்தான் பார்ப்பான். இதுக்கு ரெண்டு கை வேணும்."

"என்கிட்ட ரெண்டு இருக்கு."

சனிக்கிழமை மதியம், ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு அவள் பால்கனியில் பழைய போர்வையை விரித்து, அவன் டூல் பெட்டியிலிருந்த சிரிஞ்சையும் பிரேக் எண்ணெய் பாட்டிலையும் எடுத்து வைத்தாள். அதற்குள் போன் அடித்தது. மாமியார். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தோள் எப்படிப்பா இருக்கு? அந்த நாய் நாசமாப் போக! குறுக்க வர்றதுக்கு வேற நேரமே கிடைக்கலையா அதுக்கு?"

"பரவாயில்லம்மா," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்த நாயை நினைச்சா எனக்கு வயிறு எரியுது."

நாய் குறுக்கே பாய்ந்தது என்றுதான் அவன் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். தெரு முனையில் படுத்திருக்கும் நாய்களைக் கடக்கும்போதெல்லாம் அவளும் இந்த நாலு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனாள். அவை ஒரு பாவமும் அறியாமல் வாலாட்டும்.

போனை வைத்ததும் வேலை தொடங்கியது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, அவள் தரையில் உட்கார்ந்து செய்தாள். பின் சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேட்களை உருவி, எண்ணெய் படாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகினாள். லீவரைத் தரைக்குச் சமமாகத் திருப்பி, அதன் தலையில் இருந்த சின்ன ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, அங்கே ஒரு கப்பைப் பொருத்தினாள். கீழே சக்கரத்துப் பக்கம் ஒரு நிப்பிள் இருந்தது. அதில் எண்ணெய் நிரப்பிய சிரிஞ்சின் குழாயை மாட்டினாள்.

"இப்ப நிப்பிளை ஸ்பேனரால லேசா திற. சிரிஞ்சை மெதுவா அமுக்கு. எண்ணெய் கீழேருந்து மேல ஏறும். காத்து கப்புல குமிழியா வெளிய வரும்."

"சிரிஞ்சை எப்படி அமுக்கணும்னு எனக்கே சொல்லித் தரீங்களா?"

"சரி தாயே."

அவள் அமுக்கினாள். கப்பில் ஒன்றிரண்டு குமிழிகள் எழும்பி உடைந்தன. பிறகு வரிசையாக வந்தன. டயாலிசிஸ் குழாயில் இப்படி ஒரே ஒரு குமிழி தெரிந்தால் போதும், மெஷின் அலறிக்கொண்டு நின்றுவிடும். அவளும் ஓட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"இவ்வளவு காத்து எப்படி உள்ள போச்சு?"

"கொஞ்சம் காத்து எப்பவும் இருக்கும், மேல லீவர்கிட்ட இருக்கிற தொட்டியில. அங்க இருக்கிற வரைக்கும் தொந்தரவு இல்ல. சைக்கிளைத் தலைகீழா வச்சாத்தான் வம்பு. அது குழாய்க்குள்ள புகுந்துடும். திரும்ப நிமித்தினாலும் அவ்வளவு சீக்கிரம் வெளிய வராது. வளைவுல மாட்டிக்கும். விழுந்தப்ப புரண்டு கிரண்டு இப்படி ஆகியிருக்கும்."

அவள் கை நின்றது.

அவன் வெளியூரில் லிஃப்ட் மாட்டப் போயிருந்த அந்த இரண்டு வாரமும் நல்ல மழை. துணி காய இடமில்லை. சைக்கிள் உருண்டு உருண்டு துணிக் கொடியில் இடித்தது. அவள்தான் அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். சக்கரங்களின் மேல் துண்டுகளைக்கூட உலர்த்தினாள். அவன் திரும்பிய சனிக்கிழமை மாலைதான் நிமிர்த்தி வைத்தாள். மறுநாள் காலை அவன் அதை எடுத்துக்கொண்டு போனான். விழுந்தான்.

"ஏய், பாரு, பாரு!"

சிரிஞ்சின் குழாய் நிப்பிளிலிருந்து நழுவியது. எண்ணெய் அவள் மடியில் பீய்ச்சியடித்தது. ஏறிய எண்ணெய் இறங்கி, போன காற்று திரும்பப் புகுந்தது.

"கவனம் எங்க இருக்கு உனக்கு? நல்ல எண்ணெய் பாதி போச்சு. இதைச் செய்ய முடியலன்னா முன்னாடியே சொல்லலாம்ல?"

அவள் நிப்பிளை மூடினாள். ஸ்பேனரைக் கீழே வைத்தாள். மடியைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க ஊர்ல இல்லாத ரெண்டு வாரமும் சைக்கிள் தலைகீழாத்தான் இருந்துச்சு."

"என்னது?"

"நான்தான் கவிழ்த்து வச்சேன், துணி காயப்போட. நீங்க வர்றதுக்கு முன்னாடி நிமித்திட்டேன். எனக்குத் தெரியாது. இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்." குரல் உடையவில்லை, வறண்டிருந்தது. "நாய்க்காக நீங்க பிரேக் பிடிச்சிருப்பீங்க. அது பிடிச்சிருக்காது. என்னாலதான்."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பி, தெருவைத் தாண்டிப் போனது.

"நாயெல்லாம் எதுவும் வரல," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே லீவர் இளகித்தான் இருந்துச்சு. ரெண்டு மாசமா. ரெண்டு தடவை பிடிச்சு விட்டா இறுகிடும். சரி, அப்புறம் பாத்துக்கலாம்னு ஓட்டிக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு ரொம்ப மோசமா இருந்தது. வீட்டு வாசல்லயே தெரிஞ்சுது. தெரிஞ்சும் போனேன். சரிவுல பிடிக்கிறேன், பிடிக்கிறேன், லீவர் கைப்பிடியில போய் ஒட்டிக்குது. பயந்துபோய் முன் பிரேக்கை மொத்தமா பிடிச்சேன். தூக்கி எறிஞ்சிடுச்சு."

"அப்ப நாய்?"

"ஆம்புலன்ஸ்ல ஏத்தினவர் கேட்டாரு, நாய் ஏதாவது குறுக்க வந்துச்சான்னு. ஆமான்னுட்டேன். வசதியா இருந்துச்சு."

"வசதியா."

"ம்."

"ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் மாசாமாசம் பாத்து கையெழுத்துப் போடறீங்க. கயிறு சரியில்லன்னா பத்து மாடியையும் நடந்து ஏற வைக்கறீங்க. ஒரு தடவை கர்ப்பமா இருந்த பொண்ணையே லிஃப்டுல ஏற விடலன்னு பெருமையா சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஊருக்குத்தான் உபதேசம்."

"எனக்கு இல்லதான்," என்று ஒத்துக்கொண்டான்.

வேறொரு நாளாக இருந்தால் பெரிய சண்டையே நடந்திருக்கும். இரண்டு பேரிடமும் அதற்குச் சரக்கு இருந்தது, சக்தி இல்லை. சுவரில் சாய்ந்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு வாரமாகத் துவட்டிய தலை, தேய்த்த முதுகு, மாட்டிய பித்தான் எல்லாம் ஒரு இல்லாத நாயின் கணக்கில் போயிருக்கிறது. அது அவளை அறுத்தது. கூடவே, தான் துண்டு உலர்த்திய சக்கரமும் அறுத்தது.

"எண்ணெய் முழுசா இருந்திருந்தா தலைகீழா வச்சாலும் ஒண்ணும் ஆகியிருக்காது," என்றான் அவன். "தொட்டியில காத்து சேர விட்டது நான். ரெண்டு வருஷமா எண்ணெய் மாத்தல."

"நிஜமாவா? இல்ல, எனக்காகச் சொல்றீங்களா?"

"நிஜம். நீ கவிழ்த்து வச்சது அதை அதிகப்படுத்தியிருக்கும். அதுவும் நிஜம்."

அந்த இரண்டாவது நிஜத்தைச் சொன்னதால்தான் முதலாவதை அவளால் நம்ப முடிந்தது.

கண்ணைத் திறந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கும் குறைவாக இருந்தது. ஒரு தடவைக்குப் போதும். இன்னொரு தடவை தவறினால் திங்கட்கிழமை நடைதான்.

"இந்த முறை நான் சொல்றேன். நீங்க இறங்கி வந்து லீவர் பக்கம் நில்லுங்க. வலது கை சும்மாதானே இருக்கு."

அவன் எழுந்து வந்தான். டயாலிசிஸின் புதுக் குழாயில் உப்புநீர் ஓட்டிக் காற்றை வெளியேற்றுவது போலவே அவள் செய்தாள். முதலில் சிரிஞ்சை நிமிர்த்தி, விரலால் சுண்டி, அதிலிருந்த காற்றை விரட்டினாள். குழாயை நிப்பிளில் மாட்டி, நழுவாமலிருக்க மெல்லிய கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். அமுக்கிக்கொண்டே, ஸ்பேனரின் பிடியால் பிரேக் குழாயைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டு போனாள். கடுகுக் குமிழிகள் கப்பில் பொரிந்தன. நின்றன. நிப்பிளை மூடினாள்.

"பிடிங்க. மெதுவா. விடுங்க. மறுபடி."

"இன்னும் இளக்கமாத்தான் இருக்கு."

"வளைவுல மாட்டிக்கும்னீங்களே, எந்த வளைவு?"

பெடல் பக்கத்தில் குழாய் தாழ்ந்து எழும் இடத்தைக் காலால் காட்டினான். சைக்கிளின் பின்பக்கத்தைத் தரையோடு இறக்கி, முன்பக்கத்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். லீவர் உச்சிக்குப் போயிற்று. அவன் அதை மறுபடி சமமாகத் திருப்பிக் கொடுத்தான். வளைவை உள்ளங்கையால் தட்டினாள். ஐந்து தடவை. பத்து தடவை. எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு அந்தக் கனத்தில் தோள் கடுத்தது.

"பிடிங்க."

பிடித்தான். கப்பின் அடியிலிருந்து ஒரே ஒரு குமிழி, பட்டாணி அளவில், சோம்பலாக எழும்பி வந்து உடைந்தது.

அவன் மறுபடி பிடித்தான். லீவர் பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி பிடித்தான், நம்பிக்கையில்லாமல். அங்கேயே நின்றது.

"இறுகிடுச்சு," என்றான். "கல்லு மாதிரி."

அவளையும் பிடித்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தாள். சரிதான். இரண்டு பேரும் கப்பை எடுத்தார்கள், ஸ்க்ரூவை மூடினார்கள், எண்ணெயைத் துடைத்தார்கள், பேட்களைப் போட்டு சக்கரத்தை மாட்டினார்கள். மூன்று கைகளுக்கு அந்த வேலை அரை மணி நேரம் எடுத்தது. உள்ளே போய்ச் சோபாவில் படுத்தவள் எண்ணெய் மடியோடே கண் அசந்தாள்.

அரைத் தூக்கத்தில் அவன் குரல் கேட்டது.

"அம்மா, நாய் எதுவும் வரலம்மா. நான் பொய் சொன்னேன்."

"அப்ப யாருப்பா தள்ளி விட்டா?" என்று கத்தினார் மாமியார். ஸ்பீக்கர் இல்லாமலே காதில் விழுந்தது.

"யாரும் தள்ளலம்மா. பிரேக் கெட்டிருந்தது. தெரிஞ்சேதான் போனேன்."

அவள் தலைகீழாக வைத்ததை அவன் சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே அவள் முழுசாகத் தூங்கிப்போனாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அதையெல்லாம் யோசிக்க ஒரு முழு நாள் விடுப்பு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் தாழ்த்தி, தெருவில் நாலைந்து தடவை ஓட்டிப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் அவன் எதிரில் நின்று "பிடி" என்றான், அவள் பிடித்தாள்.

திங்கட்கிழமை விடிகாலையில் இறக்கத்தில் இறங்கினாள். முதல் திருப்பத்தில் காற்று காதில் இரைந்தது. பிடித்தாள். சைக்கிள் சொன்னபடி கேட்டது. அடுத்த திருப்பத்திலும் கேட்டது. பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டாள். சைக்கிளைப் பூட்டிவிட்டு, பின் பிரேக்கை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள்.

இறங்கியவள் ஏறித்தானே ஆக வேண்டும். மதியம் ஷிஃப்ட் முடிந்து, மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதியில் கால்கள் மறுத்துவிட்டன. சுவரோரம் சைக்கிளைச் சாய்த்து நின்றபோது, மேலிருந்து ஒரு ஆள் ஒற்றைக் கையை வீசிக்கொண்டு வருவது தெரிந்தது. சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தானே போட்டுக்கொண்டிருக்கிறான்.

"நல்லா பிடிச்சுதா?"

"ம், பிடிச்சுது."

அவன் சைக்கிளின் பின்னால் போய், வலது கையால் சீட்டைப் பிடித்துத் தள்ளினான். தள்ளினான் என்பதைவிட அதில் சாய்ந்துகொண்டு வந்தான் என்பதே சரி. நாலு வாரம் உட்கார்ந்த உடம்பு, சீக்கிரமே மூச்சு வாங்கியது. அவளுக்குக் கனம் கொஞ்சம் கூடித்தான் போயிற்று. அவள் அதைச் சொல்லவில்லை.

"நாளைக்கும் இதே நேரம்தானா?" என்று கேட்டான்.

"நாளைக்கு ஒரு மணி நேரம் லேட்டாகும்."

"சரி," என்றான், மூச்சு வாங்கிக்கொண்டே.