புது ரோட்டர் இறங்கிய கழனி

முருகவேலின் நெல் அறுவடை மெஷினுக்கு ஊரில் ஒரு கெட்ட பேர் இருந்தது. பனி காயாத காலையில் கழனியில் இறங்கினால், ஈர வைக்கோல் கதிரை அடிக்கும் உருளையான ரோட்டரின் வாயிலேயே சுற்றிக்கொண்டு அடைத்துவிடும். இன்ஜின் முனகி நின்றுபோகும். அவன் மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, கத்தியால் வைக்கோலை அறுத்து அறுத்து இழுப்பான். வரப்பில் நிற்கும் கழனிக்காரர் வேறு மெஷினுக்குப் போன் போடுவது அவன் காதிலேயே விழும்.

இந்தத் தை அறுப்புக்கு முன்னால் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். திருவண்ணாமலை டவுனில் ஒரு பட்டறையில் மெஷினை நிறுத்தி, ரோட்டரையே வெளியே எடுத்து மாற்றினான். கதிரை உள்ளே இழுத்துக்கொடுக்க முன்பக்கத்தில் திருகு போன்ற தகடுகள். அதற்குப் பின்னால் நெல்லை அடித்து உதிர்க்கப் புதிய இரும்புப் பற்கள். இன்னும் வேகமாகச் சுற்ற, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியும் வேறு. நனைத்த வைக்கோலைக் கட்டுக்கட்டாகத் தள்ளிப் பார்த்தார்கள். ஓரிடத்திலும் சிக்கவில்லை.

முதலில் எந்தக் கழனியில் இறக்குவது என்று அவன் யோசிக்கவே இல்லை. பெரியப்பா மகள் வேதாவுக்குப் போன் போட்டான். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் அவளும் அவள் புருஷன் காசியும் பயிர் வைக்கிறார்கள். வேதா தூயமல்லி நெல்லை விதைக்கென்றே வளர்ப்பவள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவளிடம்தான் விதை நெல் கேட்டு வருவார்கள். அவள் கொடுத்த விதை முளைக்காமல் போனதாக யாரும் சொன்னதில்லை.

“அக்கா, வேற மெஷினுக்குச் சொல்லிடாத. நான் வர்றேன். புது ரோட்டர் மொதல்ல உன் கழனியிலதான் எறங்கணும்.”

“கதிர் நல்லா காஞ்சி நிக்குதுடா முருகா.”

“ரெண்டு நாள் பொறுக்கா.”

தம்பி கேட்கிறானே என்று அவளும் பொறுத்தாள். பட்டறை வேலை இழுத்துக்கொண்டே போனது. அவன் வந்து சேர்வதற்குள் கதிர்கள் தொட்டாலே சலசலக்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டன.

அன்றைக்கு வரப்பில் பெரிய கூட்டம். விவசாய மெஷின்களை வீடியோ எடுத்துப் போடும் பிரகாஷும் செல்போனோடு வந்திருந்தான். முருகவேலுக்கு ஒன்று தெரியும். இவ்வளவு காய்ந்த நெல்லுக்கு இந்த வேகம் ஆகாது, புல்லியை மாற்றிச் சுற்றைக் குறைக்க வேண்டும். ஆனால் அதற்குப் பெல்ட்டைக் கழற்றி, திரும்ப மாட்டி, கையில் கிரீஸோடு எல்லார் முன்னாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். இவன் மெஷின் எறங்கறதுக்கு முன்னாடியே ரிப்பேருடா என்று யாராவது சொல்லுவார்கள். அவன் சாவியைத் திருப்பினான்.

மெஷின் முனகாமல், நிற்காமல் கதிரை வாரி விழுங்கியது. வைக்கோல் பின்னால் பறந்தது. யாரோ விசில் அடித்தார்கள். முதல் சுற்று முடிந்ததும் முருகவேல் எட்டி நெல் தொட்டிக்குள் கையை விட்டான். மஞ்சள் நெல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. உமி உரிந்த அரிசி. பாதி உடைந்த குருணை. சமைக்கிற நெல்லென்றால் கொஞ்சம் சேதம் என்று விட்டுவிடலாம். விதை நெல்லில் உமி போனால் உயிர் போன மாதிரி.

“எப்படிண்ணே இருக்குது புது ரோட்டர்?” என்று கீழேயிருந்து செல்போனை நீட்டினான் பிரகாஷ்.

“தண்ணி மாதிரி போவுது” என்றான் முருகவேல். கையிலிருந்ததைத் தொட்டிக்குள்ளேயே உதறிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனான். அவர்களுடைய இரண்டு கழனிகளில் மேல்கழனி முழுவதையும் அப்படியே அறுத்து முடித்தான்.

தார்ப்பாயில் நெல்லைக் கொட்டியபோது வேதாதான் முதலில் பார்த்தாள். குனிந்து ஒரு பிடி அள்ளினாள், உள்ளங்கையில் பரப்பினாள். அவள் முகம் சின்னதாகிப் போனது.

“ஜாஸ்தி காஞ்சிடுச்சிடா. நான் முன்னாடியே அறுத்திருக்கணும்.”

அவள் மெஷினைச் சொல்லவில்லை. காக்க வைத்தவனையும் சொல்லவில்லை. முருகவேல் வாயைத் திறக்கலாம் என்று நினைத்தான். அதற்குள் காசி வந்து நெல்லைக் காலால் தள்ளிப் பார்த்தான்.

“பெரிய விதைக்காரி! எப்ப அறுக்கணும்னுகூட தெரியல. இதுக்கா இத்தினி மாசம் களை புடுங்கினு கெடந்த? ஊரே பாக்குது, போ வூட்டுக்கு.”

இன்னும் கலையாத கூட்டம் மொத்தமும் அதைக் கேட்டது. வேதா தார்ப்பாயின் ஓரத்தை மடித்து மடித்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். முருகவேல் ரேடியேட்டரில் ஒட்டிய தூசியைத் தட்டினான். ஏற்கெனவே ஒருமுறை தட்டி முடித்ததுதான்.

பிரகாஷின் வீடியோ பரவியது. தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் போன் வந்தது. முருகவேலின் மனைவி வினோதினி அதைத் தன் அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பினாள். “தண்ணி மாதிரி போவுது” என்று தன் குரலே வீட்டுக்குள் திரும்பத் திரும்பக் கேட்க, முருகவேல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். எங்கே போவதென்று தெரியாமல் கிரிவலப் பாதையில் பைக்கை ஓட்டிவிட்டுத் திரும்புவான்.

ஒருநாள் அப்படியே வேதாவின் வீட்டுக்கே போய் நின்றான்.

வாசலில் தார்ப்பாயை விரித்து வேதா உட்கார்ந்திருந்தாள். முன்னால் முறம். உடையாத நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நனைந்த கோணித் துணியில் முளை கட்டிப் பார்த்த நெல் கிடந்தது. அதில் முளைத்தது கம்மிதான். காசி கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“வாடா முருகா. டீ சாப்பிடறியா?” என்றாள் வேதா. “வெதைக்குக் கொஞ்சமாவது தேறுமானு பாக்கறேன். கேட்டவங்களுக்கெல்லாம் என்னா சொல்றதுனு தெரியல.”

முருகவேல் தார்ப்பாய்க்கு வெளியே அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அக்கா, காஞ்சது மட்டும் காரணமில்லக்கா. ரோட்டர் சுத்தறத கொறைச்சி ஓட்டியிருந்தா இப்படி ஆயிருக்காது. எனக்குத் தெரியும். மொத சுத்துலயே தொட்டியில பாத்துட்டேன். நிறுத்தல.”

வேதாவின் கை முறத்தின்மேல் நின்றது.

“பாத்துட்டியா?”

“பாத்துட்டேன். எல்லாரும் நின்னுக்கினு இருந்தாங்க. வீடியோ வேற.”

“அன்னிக்கி அவ்ளோ பேரு முன்னாடி இவரு என்னை என்னா பேச்சு பேசனாரு. நீ அங்கதானடா நின்னுக்கினு இருந்த?”

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காசி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். “ஏன்டா மச்சான், சொந்த அக்கா கழனியிலயாடா இந்த வேலை? உன் வீடியோவுக்கு எங்க விதையா கெடச்சிது?”

“நீங்க உக்காருங்க” என்றாள் வேதா. அவள் குரல் உயரவில்லை. “அவன் செஞ்சத அவன் வந்து சொல்லிட்டான். அன்னிக்கி நீங்க சொன்னது தப்புனு எப்ப வந்து சொல்லப் போறீங்க?”

காசி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

வேதா மறுபடி முறத்தை எடுத்தாள். நிமிராமலே பேசினாள். “கீழ்க்கழனி பிந்தி நட்டது, இன்னும் நிக்குது. புல்லிய மாத்திட்டு காலையில வா. அதுக்கு முன்னாடி டீக்கடையில போயி சொல்லு. அன்னிக்கி நின்னவங்க அங்கதான் இருப்பாங்க.”

போனான். பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னான். அப்பாசாமி என்ற பெரியவர், “அப்ப ரைஸ் மில்லே வேணாம்னு சொல்லு, உன் மெஷினு அரிசியாவே குடுத்துடுது” என்றார். கடையே சிரித்தது. முருகவேலும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. பிரகாஷுக்குப் போன் போட்டு வீடியோவை எடுத்துவிடச் சொன்னான்.

மறுநாள் கீழ்க்கழனியில் வேடிக்கை பார்க்க ஒருவரும் வரவில்லை. வேதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின்மேல் ஏறி, தொட்டிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷின் மெதுவாகப் போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் குனிந்து ஒரு பிடி நெல் எடுப்பாள். அவள் குனியும்போதெல்லாம் முருகவேலுக்குப் பிடரி சுட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. உமி உரியவில்லை. வைக்கோலும் எங்கும் அடைக்கவில்லை. இதற்காகத்தானே அவ்வளவும் செய்தோம் என்று நினைத்தபோது அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

முடிந்ததும் வேதா இறங்கினாள். “இது விதைக்கு ஆவும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் நடந்தாள்.

மூட்டை கட்ட வந்த காசி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு முருகவேல் பக்கம் திரும்பினான்.

“உன்கிட்டயாவது அவ ஒரு வார்த்த பேசிட்டா மச்சான், என்கிட்ட அதுகூட இல்ல.”

முருகவேல் சாக்கின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.