நாலு பேர் பார்க்கும் கேமரா

டிஜிட்டல் வந்தால் பாரம் குறையும் என்று முதலில் சொன்னவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்துக்குக்கூட அவன் படம் எடுத்ததில்லை என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

ஃபிலிம் காலத்தில் என்னிடம் இருந்தது சின்ன இரும்புக் கேமரா. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் எல் ஆல்டோ முழுக்கச் சுற்றியிருக்கிறேன். "டிஜிட்டலுக்கு மாறுங்க டோன்யா எவுலோஹியா, இனிமே ஃபிலிம் டப்பா சுமக்க வேணாம்" என்றான் கடைக்காரன். டோன்யா, டோன் என்பது எங்கள் ஊரில் அம்மா, ஐயா மாதிரி. மாறினேன். டப்பா போனது வாஸ்தவம்தான். பதிலுக்கு, அடியில் பேட்டரிக்கென்று ஒரு கட்டை, முதுகில் திரை, முன்னால் செம்பு மாதிரி லென்ஸ், தலையில் ஃபிளாஷ். மூன்று மடங்கு எடை. ஃபிலிமில் முப்பத்தாறு படத்தோடு முடிந்துகொண்டிருந்த வேலை, விடிய விடிய நீளவும் ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அதைக் கழுத்தில் மாட்டியதற்குக் கிடைத்த பரிசு, வலது கையில் இரண்டு விரல் மரத்துப் போவது. கழுத்து நரம்பு நசுங்குகிறது, இனிமேலும் சுமந்தால் கையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை போனால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான்.

அதனால்தான் புது ரகக் கேமரா ஒன்று வாங்கினேன். பெரியதில் இருப்பதுபோல உள்ளே பிம்பம் காட்டும் கண்ணாடி கிடையாது, உள்ளங்கையில் அடங்கும், என் பழைய ஃபிலிம் கேமராவின் அளவுதான். படமும் பெரியதைவிடச் சுத்தமாக விழுகிறது. பெரியதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி, என்னை அத்தை என்று கூப்பிடும் லுஸ்மிலாவின் கல்யாணம் வரைக்கும்தான். எங்கள் கல்யாணங்களில் எல்லாவற்றுக்கும் ஒரு ஞானத்தகப்பன் உண்டு. கேக்குக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர், பாண்டுக்கு ஒருவர். செலவும் அவருடையது, பெருமையும் அவருடையது. படத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் டோன் செவெரோ. ஊருக்குள் ஓடும் மினிபஸ்களில் பாதி அவருடையது, மீதியும் தன்னுடையது என்கிற மாதிரி நடப்பார். கோவில் படியில் என் கையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன டோன்யா, கேமரா எங்க?"

"இதுதான்."

"இதுவா? டூரிஸ்ட்காரன் லாமா ஆட்டப் படம் எடுக்குறதுதான இது?"

"படத்தப் பாருங்க டோன் செவெரோ, அப்புறம் பேசுங்க."

"படத்த எவன் பாக்கப் போறான்? ஆல்பம் வர ரெண்டு மாசம் ஆகும். இன்னிக்கி மண்டபத்துல நாலு பேரு பாக்குறது உங்களத்தான். கேக்குக்காரன் ஏழு அடுக்கு வச்சிருக்கான். பாண்டுக்காரன் ஒருரோ ஊருலேருந்து ஆளக் கொண்டாந்திருக்கான். நான் சோப்புக் கட்டி கொண்டாந்தேன்னு சொல்லுவானுங்க."

"என் கை மரத்துப் போவுது. டாக்டர் பெரிசத் தூக்கக் கூடாதுன்னுட்டார்."

"ஒரு நாளைக்குத் தூக்குனா செத்தா போயிருவீங்க? முடியலன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாக்குறேன்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வேறு ஆளையே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் லுஸ்மிலா வெள்ளை உடையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எனக்காக. ஏற்கெனவே எங்கம்மா வரலன்னு மாப்பிள்ள வீட்டுல ஒரு மாதிரி பாக்குறாங்க. ஞானத்தகப்பனும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னா நான் எப்படித் தல நிமிந்து நிக்கிறது? சும்மா கழுத்துல மாட்டிக்கிட்டு மட்டும் இருங்க அத்தை. எடுக்கிறது இதுலயே எடுங்க."

அவள் அம்மா இலாரியா சந்தையில் கம்பளி விற்பவள். மாப்பிள்ளையைப் பிடிக்காமல், இந்தக் கல்யாணத்துக்குக் கால் எடுத்து வைக்க மாட்டேன் என்று சந்தை முழுக்கக் கேட்கச் சத்தியம் செய்தவள். அதை நினைத்து எனக்கு மனசு இளகிவிட்டது. டோன் செவெரோ உடனே என்னிடம் சாவியை வாங்கி, ஒரு மினிபஸ்ஸை அனுப்பி என் வீட்டிலிருந்து பெரிய கேமராவை வரவழைத்தார். இளகிய மனசோடு அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பேட்டரிகூடப் போடவில்லை. வெறும் பிணம்.

மண்டபத்தில் விருந்தாளிகள் பீர்ப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆடியபடி வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் பெட்டியை மணமக்கள் முன்னால் இறக்கி, இருவர் தலையிலும் வண்ணக் காகிதப் பொட்டுகளைத் தூவிவிட்டு, படத்துக்கு நின்றார்கள். இன்று வைத்த பெட்டி நாளை அவரவர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திரும்பி வர வேண்டும், அதற்குப் படம்தான் சாட்சி. ஆகவே விறைப்பாக நின்றார்கள். நின்றவர்கள் எல்லாரும் என் மார்பைப் பார்த்தார்கள்.

"இங்க பாருங்க, கையில இருக்கிறதப் பாருங்க."

"அது என்னாது, வெளிச்சம் பாக்குற மிஷினா?" என்றார் ஒரு கசாப்புக்கடைக்காரர். பெரியதைத்தான் தொடர்ந்து பார்த்தார்.

டோன் செவெரோ பக்கத்து மேசைகளில் போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா சைஸ? அது சாதாரண ஆளுங்களுக்குக் கெடைக்காது." தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை எனக்கு நெருப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆளின் மீசையைப் பிடுங்கலாம் போலிருந்தது.

சாயங்காலம் விரல்கள் மரத்துவிட்டன. கையை உதறினேன், தேய்த்தேன், வாயில் வைத்து ஊதினேன். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் இலாரியா வந்து நின்றாள்.

கல்யாண உடுப்பு இல்லை. சந்தையில் கட்டியிருந்த ஏப்ரனோடு, தலையில் தூசியோடு வந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மகளைக் கட்டிக்கொண்டு, காதில் ஏதோ சொன்னாள். லுஸ்மிலாவின் முகம் அழுவதற்கும் சிரிப்பதற்கும் நடுவில் நின்றது. அப்படி ஒரு முகத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. சின்னக் கேமராவைத் தூக்கினேன், அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன். பாண்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இலாரியா மகளை விட்டாள், வந்த வழியே போய்விட்டாள்.

திரையில் தட்டிப் பார்த்தேன். கசாப்புக்கடைக்காரர் இருந்தார், அவருடைய பீர்ப் பெட்டி இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. என் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் வெறும் தகட்டை அழுத்தியிருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை.

லுஸ்மிலா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அத்தை, அம்மா வந்தது விழுந்துச்சா? காட்டுங்க."

"விழல."

"என்ன அத்தை?"

"விழலம்மா. கை மரத்துப்போச்சு. அழுத்துனேன்னு நெனச்சேன், அழுத்தல."

என் தோளுக்குப் பின்னாலிருந்து டோன் செவெரோவின் குரல் வந்தது. "நான் காலையிலேயே சொன்னேன்ல? சின்னதுல விழாது. பெரிசுல எடுத்திருந்தா விழுந்திருக்கும்."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. வாரைத் தலை வழியாகக் கழற்றி அந்தப் பிணத்தை இரண்டு கையாலும் தூக்கினேன். வலது கைக்குப் பலமில்லை, இடது கைதான் தூக்கியது. அவர் கழுத்தில் மாட்டினேன்.

"நீங்கதான படத்துக்கு ஞானத்தகப்பன்? நீங்களே சுமங்க."

கூட்டத்துக்கு நடந்தது புரியவில்லை. ஞானத்தகப்பனுக்கு ஏதோ மரியாதை என்று நினைத்துக் கைதட்டினார்கள். கல்யாணத்தில் ஞானத்தகப்பன் கழுத்தில் போட்டது மாலையோ காகிதமோ, விருந்து முடியும் வரை கழற்றினால் மணமக்களுக்கு ஆகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாண்டு அடித்தது, அவரை ஆட இழுத்தார்கள். நாலு சுற்றுக்குள் தலை முன்னால் தொங்கிவிட்டது. ஒரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டே ஆடினார். நல்லா ஆடு என்று மனசுக்குள் சொன்னேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

லுஸ்மிலா சிரிக்கவில்லை. என் பக்கத்திலேயே நின்றாள்.

"நான்தானே அத்தை உங்கள மாட்டிக்கச் சொன்னேன்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கல்யாணப் பெண்ணிடம் எவளாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் அவள் மேலும் எனக்குக் கோபம் இருந்தது, மரத்துப்போன கையோடு பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ஆமா. நீதான் சொன்ன."

அவள் தலையாட்டினாள். "அம்மா சந்தைக்குத்தான் போயிருப்பாங்க. மூடியிருப்பாங்களா?"

"ஆறு வரைக்கும் இருப்பாங்க."

பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள், பாண்டு ஒரு கணம் தடுமாறியது. "டோன்யா, பின்னாடி போங்க, எடுங்க, எடுங்க" என்று ஆட்டத்துக்கு நடுவிலிருந்து டோன் செவெரோ கத்தினார்.

நான் போகவில்லை. சின்னக் கேமராவைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.