நாணலுக்கு மேலே ஒரு கை

படமெடுக்கிறவர்கள் ஒளிந்து உட்காரும் மரக்குடிலின் துவாரங்களில் கேமராக்கள் மூக்கை நீட்டியதும், கரையில் நின்ற சூப்பர்வைசர் உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். ஆகாயத்தாமரை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொரு நாணல் புதருக்குப் பின்னால் போய்க் கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து உட்கார்ந்தார்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம்தான் படத்துக்கு நல்ல நேரமாம். அப்போது மனிதத் தலை தெரியக்கூடாது, மனிதக் குரல் கேட்கக்கூடாது. பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பறவை மட்டும்தான் தெரிய வேண்டும். ஏரியைச் சுத்தம் செய்கிறவர்கள் தெரிந்தால் ஏரி அழுக்காகிவிடும் போலிருக்கிறது. வெயில் ஏறி, குடில் காலியாகி, சூப்பர்வைசர் கையை மேலே தூக்கிக் காட்டும்வரை அட்டை கடித்தாலும் அசையாமல் கிடக்க வேண்டியதுதான்.

இதில் எல்லாரையும்விட அதிகமாக அவதிப்பட்டவள் வெங்கலம். வெண்கலத் தொண்டை என்று யாரோ விளையாட்டாக வைத்த பேர் வீட்டிலும் வேலையிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணி வீட்டுக்குள்ளே முணுமுணுத்தால் தெருக்கோடியில் நாய் எழுந்து நிற்கும் என்பாள் அவளுடைய நாத்தனார். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் ஒரு பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அந்த நாத்தனார். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது என்று வெங்கலம்தான் அவளைக் கையோடு கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டாள். பக்கத்துப் பக்கத்துப் புதர்களில்தான் இருவரும் ஒளிவார்கள். வாயைத் திறக்க வழியில்லாததால் கையால் பேசக் கற்றிருந்தார்கள். விரலைச் சுருட்டிக் கண்ணில் வைத்தால் படக்காரர். கன்னத்தை உப்ப வைத்து உதட்டில் விரல் வைத்தால் சூப்பர்வைசர். கையை மட்டும் நாணலுக்கு மேலே நீட்டி மணிக்கட்டை மடக்கி ஆட்டினால் செந்நாரை.

அன்றைக்கு நாத்தனாரின் கை எழுந்தது. மணிக்கட்டு மடங்கி ஆடியது. வெங்கலம் வாயைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். நிஜமான செந்நாரை கொஞ்ச தூரத்தில், கூட்டின் விளிம்பில், யாரோ செய்துவைத்த பொம்மைபோல நின்றுகொண்டிருந்தது. நாத்தனாரின் கை இறங்கியது, மறுபடி எழுந்தது. இந்த முறை அந்தக் கை நாரை கொஞ்சம் அதிகமாகவே தலையை ஆட்டியது. இவளுக்கு விவஸ்தையே கிடையாது, இன்றைக்கு மாட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே வெங்கலம் பதிலுக்குத் தானும் ஒரு நாரை காட்டினாள். பாசி மிதந்த தண்ணீரில் சிவப்பு கலந்து தன் பக்கம் வருவதைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

அவள் போட்ட கூச்சலில் ஏரியே எழுந்து பறந்தது.

யாரோ சாராயம் குடித்துவிட்டு எறிந்த பாட்டில். அது உடைந்து சேற்றில் புதைந்து கிடந்திருக்கிறது. குதிகாலைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது. இழுக்க இழுக்கச் சேறு காலை விடவில்லை. கரையில் கிடத்தி, தன் துண்டைக் கிழித்துக் கட்டும்போது வெங்கலத்துக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"ஏன்டி கத்தித் தொலைக்கல? வாய் இல்லையா உனக்கு?"

"கத்தக்கூடாதுன்னாங்களே அண்ணி" என்றாள் நாத்தனார்.

குதிகால் நரம்பு அறுந்துவிட்டது, நடப்பாள், ஆனால் இனிச் சேற்றில் இறங்க முடியாது என்று டாக்டர் சொன்னார். வேலையில் அடிபட்டவர்களுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பது அந்தப் பறவைப் பூங்காவின் வழக்கம். டிக்கெட் கிழிக்கிற பெண்மணிகூட அப்படி வந்தவள்தான். அதைக் கேட்கத்தான் வெங்கலம் ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் எதிரே சூப்பர்வைசர் சலவைச் சட்டையோடு நின்றிருந்தார். படமெடுக்கும் நேரத்தில் யாரையும் தண்ணீரில் இருக்கச் சொல்வதே இல்லையாம். பூ பறிக்க அவளாகவே இறங்கியிருக்கிறாளாம். பூட்ஸும் போடவில்லையாம்.

"இடுப்பளவு தண்ணியில முழங்கால் பூட்ஸ் போட்டா என்ன ஆகும் சார்? குடத்தை ரெண்டு கால்லயும் மாட்டிக்கிட்டு நடந்த மாதிரி ஆகும். அதனாலதான கழட்டி வேலியில மாட்டச் சொன்னீங்க. கையைக் காட்டி ஒளியச் சொன்னது யாரு?"

"நான் எப்பம்மா கையைக் காட்டினேன்? கொசு அடிச்சிருப்பேன்."

"தினம் அதே நேரத்துக்குத்தான் கொசு வருதா சார்?"

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். கூட வந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது வெங்கலத்துக்குத் தெரியும். தெரிந்தும், அவர்கள் மேலேயும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவளுக்குக் குடில் நினைவுக்கு வந்தது. அதற்குள் எத்தனை கண்ணாடிக் கண்கள். அதிலும் ஒருவர் வைத்திருந்த கேமராவுக்குப் பெண்கள் பீரங்கி என்று பேர் வைத்திருந்தார்கள். தூக்கிவரவே தோள் வேண்டும். மறுநாள் அவர் வண்டியைப் பூட்டிவிட்டு வரும்வரை வாசலில் காத்து நின்றாள். அவர் நல்ல மனிதர்தான். மரியாதையாகப் பேசினார்.

"அவங்களுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இருக்கா சார். அன்னைக்கு எடுத்த படத்துல எங்க நாத்தனார் கை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதே. நாரைக்கு நேர் பின்னாடி. ரொம்ப நேரம் தூக்கிட்டே இருந்தாங்க. இறக்கிடுவாங்க இறக்கிடுவாங்கன்னு நானும் காத்துட்டே இருந்தேன்."

பஸ்ஸுக்குக் காத்திருந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். இறகில் ஒட்டிய நீர்த்துளிகூடத் தெரிகிற கண்ணாடியில் ஒரு மனுஷியின் விரல் துடித்தது தெரியவில்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. அவராவது காத்திருந்தார். அவளோ சிரித்தாள். பதிலுக்கு நாரை வேறு காட்டினாள். எறியவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல் கையில் தூக்கிய கல்லைப்போல அது சுட்டது. அவர் மேல் வந்த கோபம் பாதியாகும் என்று பார்த்தால், தன் மேல் வந்ததும் சேர்ந்து இரண்டு மடங்காகிவிட்டது.

"அந்தப் படத்தைக் குடுங்க சார். வேலை நேரத்துல தண்ணியிலதான் இருந்தா, எங்களை ஒளியத்தான் வெச்சாங்கன்னு ஆபீஸ்ல காட்டணும்."

"கை வந்ததெல்லாம் அன்னைக்கே அழிச்சுட்டேனேம்மா. எதுக்கும் உதவாத படம்."

"அப்ப நீங்க வந்து சொல்லுங்க. கண்ணால பார்த்தீங்கல்ல."

"நான் சும்மா வந்து போற ஆளும்மா. நாளைக்கு எனக்கு அனுமதி கொடுக்கணும்ல." பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இது ஒண்ணு மட்டும் நல்லா வந்துச்சு. உங்க சத்தத்துக்குத்தான்."

சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் வானம் கொள்ளாமல் பறவைகள். கீழே, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தை வெட்டி எடுத்திருந்தார்.

வீட்டில் நாத்தனார் காலைத் தலையணைமேல் வைத்துச் சுவரோரம் கிடந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து காயக்கட்டின்மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு நாத்தனார், "விட்டுடுங்க அண்ணி. உங்க வேலையும் போயிடும்" என்றாள்.

"நீ வாயை மூடு."

சொன்ன பிறகுதான் சொன்னது வெங்கலத்தின் காதில் விழுந்தது. எழுந்து கொல்லைப் பக்கம் போய், காலிக் குடத்தை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள்.

காலையில் வெயில் சாய்வாக விழுந்தது. கேமராக்கள் மூக்கை நீட்டின. சூப்பர்வைசர் கையை அமுக்கினார். தலைகள் ஒவ்வொன்றாக நாணலுக்குப் பின்னால் மறைந்தன. வெங்கலம் திறந்த தண்ணீரில் நடந்து, குடிலுக்கும் நாரைக் கூட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவர் மறுபடி அமுக்கினார், பிறகு இரண்டு கையாலும். குடிலுக்குள்ளிருந்து யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு, "யாருங்க அது, உட்காரச் சொல்லுங்க" என்றார்கள்.

"என் நாத்தனார் வேலை செய்யும்போதுதான் அடிபட்டா" என்றாள் வெங்கலம். கத்தவில்லை, அவளுடைய சாதாரணக் குரலே அக்கரைவரை போதும். "ஒளியச் சொன்னது இவர்தான். அதை ஆபீஸ்ல வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இங்கதான் நிப்பேன்."

செந்நாரை கழுத்தை வளைத்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குஞ்சின் வாயில் மீனைத் திணித்தது. புதர்களுக்குப் பின்னால் யாரும் எழவில்லை. ஆனால் ஒரு புதர் மட்டும் காற்றில்லாமல் அசைந்தது. கரையில் சூப்பர்வைசர் ஷூவைக் கழற்றினார். சாக்ஸைச் சுருட்டி அதற்குள் வைத்தார். பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு காலை எடுத்துத் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி, கலங்கிய அடியில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.