சரக்கு தூக்கிய வீடு

பம்ப் கடைக்காரரின் வீடு அந்தக் கோடையில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. விற்காத சரக்கு நாளாக ஆக எடை இழந்து மிதக்கும் என்பது கடைத்தெருவில் எல்லோரும் அறிந்ததே; மற்ற கிடங்குகளில் ஒன்றிரண்டு பெட்டிகள் கூரையை முட்டும், அவ்வளவுதான். இவருடைய கிடங்கிலோ வால்வும் வாஷரும் மோட்டாரும் கூட்டமாக எழும்பி, மாடிக் குடித்தனத்தோடு கட்டடத்தையே தூக்கிவிட்டன. அவருக்குக் கல்யாணமான புதிதில், நட்ட நடுக்கோடையில் ஒரு விவசாயி, பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் கேட்டு வந்தார். இல்லை என்றார் கடைக்காரர். கம்பெனியிலிருந்து சீல் வருவதற்குள் பயிர் கருகிவிட்டது. அன்றிலிருந்து 'இல்லை' என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாதென்று ஒன்றுக்குப் பத்தாக வாங்கிக் குவித்தார். புதுச்சரக்கை முன்னால் அடுக்கி அதையே விற்றார். பழையது சுவரோரம் போய் ஒண்டியது.

மனைவி மருந்துக்கடைக்காரர் மகள். "எங்கப்பா கடையில பழசுதாங்க முன்னாடி இருக்கும்."

"மாத்திரை கெட்டுப்போகும். இரும்பு கெடுமா?"

"கெடாது, பறக்கும். ஏணி வெச்சுத்தானே வீட்டுக்கு ஏறி வரீங்க?"

காற்றடித்தால் வீடு ஆடியது. அடுப்பில் பால் நிற்கவில்லை. படுக்கையில் இருவருக்கும் நடுவே ஒரு பெட்டி வந்து மிதந்தது. அதைத் தள்ளினால் இன்னொன்று வந்தது. அவர் அடுத்த ஆர்டரை யோசித்தபடி புரண்டார். ஒரு காலை அவள் காபியோடு வந்தபோது பாதங்கள் தரையில் படவில்லை.

"என்னம்மா இது?" என்று பதறினார்.

"என்னையும் பின்வரிசையில போட்டுட்டீங்க. ஜன்னலை மட்டும் சாத்தி வைங்க."

அன்றே பழையதை முன்னால் இழுத்துப் போட்டு, வந்த விலைக்கு விற்றார். சாயங்காலங்களில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முதலில் பறந்துவிடாமலிருக்க, பிறகு சும்மா. வீடும் அவளும் மெல்ல இறங்கினார்கள். ஒருநாள் கொத்தனார் வந்து கேட்ட வால்வு கடையில் இல்லை. கடைக்காரருக்கு வியர்த்தது. "இல்லீங்க. வியாழக்கிழமை வரும்."

"சரி, அப்ப வரேன்" என்று கொத்தனார் பீடியைப் பற்றவைத்தார்.

ஆனாலும் பம்ப் சீல்களை மட்டும் கோடைக்கென்று எப்போதும் கூடுதலாக வைத்திருந்தார்; அதில் அவளுக்கும் சம்மதம்தான். அதனால் வீடு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. கொத்தனார் வாசலில் ஒரு படி கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார். விருந்தாளிகள் அதில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வருகிறார்கள். இடைவெளியில் பூனை படுத்துக்கொள்கிறது.