தீவில் இறங்கிய ஆறுமணிக் குருவி

நாகலெட்சுமிக்குப் பறவை பார்க்கும் பழக்கம் வந்தது, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தபோது. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஜன்னலில் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை. அவள் ஓய்வு பெற்றதும் கொழும்பிலிருக்கும் மகள் கிருஷாந்தி ஒரு பைனாகுலர் அனுப்பினாள். கணவர் கந்தப்பன் முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர். அந்தப் பைனாகுலரில் ஒரு தடவை கண்ணை வைத்து, எதிர்மலையில் கொழுந்தெடுப்பவர்களைப் பார்த்து, "சரியாத்தான் எடுக்கிறாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து பறவைகள் வரும். நோர்வூட்டுக்குக் கீழே நீர்த்தேக்கத்தின் நடுவில் சின்னத் தீவு ஒன்று உண்டு. மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு மண்திட்டு தெரியும். மேலே மழை பெய்தால் மறைந்துவிடும். அந்த ஞாயிறு காலை திட்டு தெரிந்தது. தேத்தண்ணி பிளாஸ்க்கைத் தூக்க ஆள் வேண்டும் என்பதால் கந்தப்பனும் அவளோடு திட்டில் நடந்து தீவுக்குப் போனார்.

பதினோரு மணிவரை இரண்டு உள்ளானும் ஒரு வாலாட்டியும் அவளுடைய குறிப்புக் கொப்பியில் ஏறின. கந்தப்பன் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அது வந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. தெம்பில்லாமல் இறங்கி, கந்தப்பனின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"ஏங்க," என்றாள் நாகலெட்சுமி, புதருக்குப் பின்னாலிருந்து மெல்ல. "ஆறுமணிக் குருவிங்க. கடல் தாண்டி வந்து களைச்சுப் போயிருக்கு. அசையாதீங்க. பேசாதீங்க."

கந்தப்பன் அசையவில்லை. குருவி கண்ணை மூடித் தூங்கியது. அவருக்குக் கால் மரத்துப்போனது. மேலே பொகவந்தலாவைப் பக்கம் வானம் கறுத்துக் கொட்டியது. தண்ணீர் மண்திட்டின் ஓரத்தைத் தொட்டது, ஏறியது, பிறகு திட்டே இல்லை. கரைக்கு முதுகைக் காட்டி நின்ற நாகலெட்சுமி எதையும் பார்க்கவில்லை. கந்தப்பன் எல்லாவற்றையும் பார்த்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் குருவி விழித்து, இலையைப் புரட்டி ஒரு புழுவைத் தின்று, புதருக்குள் தத்திப் போனது.

"இப்ப பேசலாமா?"

"பேசுங்க."

"பாதை முங்கிருச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எப்ப?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"நீதானே பேசக் கூடாதுன்ன. அதுவும் நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

நாகலெட்சுமி கோபப்பட நினைத்தாள். வரவில்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில், அவள் சொன்னதை அவர் இவ்வளவு முழுசாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

மீன் பிடிக்கும் செல்லசாமிக்குப் போன் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். மழை தீவுக்கும் வந்தது; ஒரே குடையில் இருவரும் நனைந்தார்கள். மூன்று மணிக்கு வள்ளம் வந்தது.

"இங்க என்னண்ணே பண்றீங்க?"

"குருவி தூங்குச்சு," என்றார் கந்தப்பன். செல்லசாமி அவர்கள் ஏற வள்ளத்தைப் பிடித்துக்கொண்டான்.

வள்ளத்தில் நாகலெட்சுமி கொப்பியை விரித்து எழுதத் தொடங்கினாள். கந்தப்பன் எட்டிப் பார்த்தார்.

"ஒத்தக் கால்ல நின்னுதான் தூங்குச்சு," என்றார். "இடது காலு. அதையும் எழுது."

அவள் எழுதினாள்.